ஆறரைக் கோடி வருஷத்து எழவு

மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி வெடி முடிந்து புழுதி இன்னும் அடங்காத நேரத்தில், எங்கள் சிப்பிக்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நாலாவது படியிலிருந்து அது எழுந்தது. எழுந்தது என்றால், படுத்திருந்த எருமை எழுந்திரிக்கிற மாதிரி, முதலில் பின்னங்கால், அப்புறம் முன்னங்கால், எல்லாம் நிலைகொண்ட பிறகு கடைசியாக ஒரு கழுத்து. அந்தக் கழுத்து மட்டும் எழுந்து முடிக்க, ஒரு ஆள் வெற்றிலை மடித்துப் போட்டு முதல் எச்சிலைத் துப்புகிற நேரம் ஆனது. சுரங்கத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றும் வேலையில் பதினேழு வருஷமாக இருக்கிற பவுனம்பாள்தான் முதலில் பார்த்தவள். அவள் மோட்டாரை அணைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்துப் புழுதியைத் துடைத்தாள். பிறகு அதைப் பார்த்து, லாரி ஏறுகிற சரிவு வழுக்கும், ஓரமாக வா என்று மட்டும் சொன்னாள். அது ஓரமாகவே வந்தது.

சரிவேறி, எடைமேடையைத் தாண்டி, கருவேலங்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஊருக்கு வந்த அந்தப் பிராணி, தார்ச்சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றது. இடது பக்கம் போனால் ஊர்த்தெரு, வலது பக்கம் போனால் எங்கள் காலனி. அது இரண்டு பக்கமும் போகவில்லை. இரண்டு டவுன்பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு நின்றது.

முதல் இரண்டு நாள் நாய்கள் குரைத்தன, மூன்றாம் நாள் அவற்றுக்கே வெட்கமாகிவிட்டது. கண்டக்டர் அந்த நிறுத்தத்தின் பேரை மாற்றி, காலடி இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க என்று கூவத் தொடங்கினார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது, நிலையானதா நடமாடுவதா என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, அது நடமாடினால் போன் பண்ணச் சொல்லிப் போனார். சுரங்கம் எங்கள் பட்டா நிலத்தில் வெட்டினது, அதனால் அது எங்களுடையது என்றது ஊர்த்தெரு. எங்கள் காலனிப் பெண்பிள்ளை அல்லவா முதலில் பார்த்துப் பேசினது என்றோம் நாங்கள். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு தெருக்காரர்களும் அதன் வயிற்று நிழலில் ஒரே வரிசையில் மிளகாய் காயவைத்தோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் அது தின்னவில்லை. கரும்புச் சோகை கொடுத்துப் பார்த்தோம், வாழைத்தண்டு கொடுத்துப் பார்த்தோம், அகத்திக்கீரையை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தோம். ஏரிக்கரைவரை ஒரு தடவை போய் நின்றது, தண்ணீரைப் பார்த்தது, குடிக்காமல் பழைய இடத்துக்கே திரும்பியது. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் கழுத்தை நிமிர்த்தி, கிழக்கே ஒரு தடவை, தெற்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை, வடக்கே ஒரு தடவை கூப்பிடும். அந்தக் குரலில் அடுக்களைப் பித்தளைக் குடங்கள் முனகும். மரத்தில் இருக்கிற இளநீருக்குள் தண்ணீர் தளும்புவது கீழே நிற்பவனுக்குக் கேட்கும். ஒவ்வொரு திசைக்கும் கூப்பிட்ட பிறகு, ஒரு உலை அரிசி வேகிற நேரம் காத்திருக்கும். பதில் வராது. அடுத்த திசைக்குத் திரும்பும். ஒரு வாரத்தில் அதன் விலா எலும்புகளை ரோட்டில் போகிறவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

எட்டாம் நாள் படித்தவர்கள் வந்தார்கள். திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர், புனேயிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு அம்மாள், எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லாத ஒரு மூன்றாமவர். மூன்று பேரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் டீ குடித்தார்கள். அவர்களுக்குள் தகராறு, இந்தப் பிராணி எப்படி வந்தது என்பதில் இல்லை. இதன் சனம் எப்படிச் செத்தது என்பதில்தான் தகராறு.

பவுனம்பாள் அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவள், வழக்கம்போல அதன் காலருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். அது மேற்கே கூப்பிட்டு முடித்திருந்தது. கூட இருந்த எங்களிடம் அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பெஞ்சில் இருந்த படித்தவர்கள்கூட டம்ளரை இறக்கிவைத்தார்கள்.

"இது யாரையும் தேடல. எல்லாரும் போயிட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாராவது வந்து வாயால சொல்லணும்னு நிக்குது."

அவ்வளவுதான், எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சாவு நடந்தது காற்றில் தெரிந்தாலும், கனவில் தெரிந்தாலும், ஒருத்தர் நேரில் வந்து, இன்னார், இன்ன நேரத்தில், இன்ன விதமாகப் போனார், இன்னின்னார் மிச்சம் இருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் உறவுக்காரர் அழ முடியாது. அழாதவருக்குச் சோறு இறங்காது, தண்ணீர் இறங்காது, உட்காரவும் முடியாது. எழவு சொல்ல ஆள் வராத துக்கம், துக்கமாகவே ஆகாமல் நெஞ்சில் கல்லாக நிற்கும். இது ஆறரைக் கோடி வருஷமாக நிற்கிறது.

ஊர்த்தெருவுக்கும் இது விளங்கியது. விளங்கியதும் அவர்கள் செய்த காரியம், அரியலூருக்கு ஆள் அனுப்பி ஒரு ஃபிளெக்ஸ் அடித்ததுதான். இருபதடிக்குப் பத்தடி. மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் இன்டர்நெட்டில் எடுத்த ஒரு பல்லுக்காரப் பிராணியின் படம், அது இதன் சனமே இல்லை, இதன் சனத்தைத் தின்னுகிற சனம் என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். மறைவு என்ற இடத்தில் தேதி தெரியாததால் புள்ளி வைத்திருந்தார்கள். கீழே பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள் கைகூப்பிய படம், செத்தவர் படத்தைவிட ஒரு முழம் பெரிதாக. அப்புறம் துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள், சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். அதை இரண்டு பனைமரத்துக்கு நடுவில் பிராணியின் கண்ணுக்கு நேராகக் கட்டி, ஆட்டோவில் மைக் வைத்து மூன்று தடவை வாசித்தார்கள். அது கழுத்தைத் தாழ்த்தி ஃபிளெக்ஸை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தது. மூச்சு விட்டது. அந்த மூச்சில் கலியபெருமாளின் கைகூப்பல் கிழிந்து கருவேலங்காட்டில் போய் விழுந்தது. அன்றைக்குப் பொழுது சாய மறுபடியும் கிழக்கே பார்த்துக் கூப்பிட்டது.

பத்தாம் நாள் காலை கலியபெருமாள் எங்கள் காலனிக்கு வந்தார். அவர் எதற்கு வருகிறார் என்று, அவர் பைக் திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் அக்கம்பக்கத்துப் பதினோரு ஊருக்கு நடந்துபோய் எழவு சொல்வது எங்கள் காலனியின் வேலையாக இருந்தது. மழையானாலும் வெயிலானாலும், செருப்பில்லாமல் போய், ஒவ்வொரு வாசலிலும் எட்டி நின்று, துண்டை இடுப்பில் கட்டிச் சொல்ல வேண்டும். சொன்னவன் உட்காரக் கூடாது. அழக் கூடாது. துண்டு முனையில் போடுகிற நெல்லை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷம் கலியபெருமாளின் தாத்தா செத்தபோது, பவுனம்பாளின் அப்பா மருதமுத்துவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் போனார். செருப்புப் போட்டுக்கொண்டு போனார். வாசற்படிக்கு நேரே நின்று, இனி உங்கள் சாவை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். களத்துமேட்டில் மடக்கி இடதுகாலை முறித்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அவர் நொண்டி நடந்தார், ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் காலனியிலிருந்து ஒரு ஆள்கூட எழவு சொல்லப் போனதில்லை. எங்கள் தெருக்கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. அந்த நொண்டல்தான் எங்கள் கோபுரம். அவர் தெருவில் நடந்துவரும்போது சிறுபிள்ளைகள்கூட எழுந்து நிற்பார்கள்.

கலியபெருமாள் பைக்கை விட்டு இறங்காமலே, பழசை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு உயிர் சாகக் கிடக்கிறது, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த முறை உங்கள் வகையறாவுக்குத்தான் வரும், என்றார். பவுனம்பாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முறைய எங்கப்பா உங்க வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டாரு தலைவரே. அங்கதான் கெடக்கும். நீங்களே எடுத்துக்குங்க."

அந்த வார்த்தையைச் சாயங்காலத்துக்குள் காலனி முழுக்க நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். சொல்லச் சொல்ல முதுகெலும்பு நிமிர்ந்தது. ஆனால் அன்றைக்குப் பொழுது சாயும்போது அது கிழக்கே ஒரு தடவைதான் கூப்பிட்டது. தெற்கே திரும்புவதற்குள் முன்னங்கால் முட்டி நடுங்கியது, குரல் வரவில்லை. பவுனம்பாள் சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்தபடியே இருந்தாள். போய்ச் சொன்னால் அப்பாவின் காலை இன்னொரு தடவை முறித்த மாதிரி. போகாவிட்டால், அத்தனை பெரிய உயிர் தன் வீட்டுச் சாவை யாரும் சொல்லாமலே செத்துப்போகும், அதைப் பார்த்துக்கொண்டு தான் மோட்டார் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். லாரி ஓட்டுகிற அவள் புருஷன் ராசாங்கம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவன். "இத்தினி கோடி வருசம் நின்னது, உன் வீராப்புக்கு இன்னும் நாலு நாளு நிக்கும். நீ சாப்புடு," என்றான். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கலியபெருமாளின் வாசற்படிக்கு நேரே போய் நின்றாள். நாங்கள் பின்னால் நின்றோம். அந்த வாசலில் எங்கள் ஆட்கள் அத்தனை பேர் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் குரலை உயர்த்தவில்லை. நான் சொல்கிறேன், என்றாள். ஆனால் ஏவின ஆளாகப் போய்ச் சொல்ல மாட்டேன், உறவாகப் போய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு நிற்க மாட்டேன், அதன் பக்கத்தில் உட்காருவேன், அதோடு அழுவேன். அழுதால் எனக்கும் தீட்டு, கேட்டு நிற்கிற உங்களுக்கும் தீட்டு. அந்தத் தீட்டுக்கு ரெண்டு தெருவும் ஏரியில் கீழண்டைப் படித்துறையில் ஒரே தண்ணீரில் தலை முழுக வேண்டும். கீழண்டைப் படித்துறையில் எங்கள் கால் பட்டதில்லை; எங்களுக்கு மதகுக்கு அந்தப் பக்கம்தான்.

கலியபெருமாள் வானத்தைப் பார்த்தார், வேட்டியைத் தட்டினார், நாலு பேரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் அம்மா தனக்கோட்டி, கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தாள். "அது செத்துக் கெடந்தா நாத்தம் ரெண்டு தெருவுக்குந்தாண்டா வரும். சரின்னு சொல்லு."

இனி ஒன்றுதான் பாக்கி. எழவு சொல்லும்போது எப்படிச் செத்தார்கள் என்று சொல்லாமல் முடியாது. அதுவும் தப்பாகச் சொல்லக் கூடாது. தப்பாகச் சொன்ன சாவுக்கு அழுத அழுகை செல்லாது, மறுபடி அழ வேண்டும். பவுனம்பாள் நேரே டீக்கடைக்குப் போய் மூன்று பேருக்கும் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியர் சொன்னார்: வானத்திலிருந்து ஒரு கல். சின்னக் கல் இல்லையம்மா, பத்து கிலோமீட்டர் குறுக்களவு. மெக்சிகோ என்கிற தேசத்தின் கடலோரத்தில் விழுந்து, இங்கேயிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் தாண்ட முடியாத அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. பூமியில் அபூர்வமாகவும் விண்கல்லில் தாராளமாகவும் இருக்கிற இரிடியம் என்கிற உலோகம், உலகம் முழுக்க அந்தக் காலத்து மண்ணில் விரல்கனப் படிவமாகக் கிடக்கிறது. தூசியும் கரியும் வெயிலை மறைத்தன. வெயில் போனதும் பச்சை போனது. பச்சை போனதும் பச்சையைத் தின்றது போனது. அதைத் தின்றதும் போனது.

புனே அம்மாள் சொன்னாள்: கல் விழுந்தது நிஜம், அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் லட்சக்கணக்கான வருஷம் நம்முடைய தக்காணத்திலேயே பூமி வெடித்து நெருப்புக்குழம்பு ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மலையெல்லாம் அது உறைந்ததுதான். அதிலிருந்து வந்த புகை ஒரு சமயம் பூமியைக் குளிர வைத்தது, ஒரு சமயம் கொதிக்க வைத்தது, மழையைப் புளிப்பாக்கியது. கல் வந்து விழுந்தபோது அந்த சனம் ஏற்கெனவே நோயாளி.

மூன்றாமவர் டீயை ஊதியபடி, கடல் பின்வாங்கியதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள் என்றார். உங்கள் ஊரே கடலாக இருந்தது, அதனால்தான் வயலில் சிப்பி பொறுக்குகிறீர்கள். கடல் போனால் காற்று மாறும், பருவம் மாறும், முட்டை பொரிக்கிற இடம் மாறும். உடனே பேராசிரியர், நோயாளி என்பதற்குச் சாட்சி என்ன என்றார்; அம்மாள், உங்கள் படிவத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்றாள்; பெஞ்சு ஆடியது.

பவுனம்பாள் கையை உயர்த்தினாள்.

"எங்கப்பாவுக்கு மொதல்ல கால உடைச்சாங்க. நடக்க முடியாம உடம்பு போட்டு சக்கரை வந்துச்சு. சக்கரையில அந்தக் காலே புண்ணாச்சு. அடைமழையில காய்ச்சல் வந்தப்ப பஸ்சு வரல. ஆசுபத்திரியில மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாங்க. இதுல எதாலய்யா செத்தாரு எங்கப்பா?"

 கடைசி அடி எதுவோ அதைத்தான் நாங்கள் எழுதுவோம் என்றார் பேராசிரியர், மெதுவாக. நீங்கள் எழுதுங்கள், என்றாள் பவுனம்பாள், நான் எல்லாவற்றையும் சொல்வேன். நிச்சயமாகத் தெரிந்ததைத் தெரியும் என்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். செத்தவர்கள் வீட்டில் அதுதான் மரியாதை.

அன்று மாலை, வெயில் தாழ்ந்ததும், இரண்டு தெருவும் சாலை பிரிகிற இடத்துக்கு வந்தது. மாலை இல்லாமல், மேளம் இல்லாமல் வந்தது. கலியபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், அவரைப் பார்த்து ஊர்த்தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். பவுனம்பாள் மட்டும் செருப்போடு நடந்துபோய் அதன் முகத்துக்கு நேராக நின்றாள். அது கழுத்தை இறக்கியது. அதன் கண் ஒரு கிணற்றுவாய் மாதிரி இருந்தது, அதற்குள் அவள் முழுசாகத் தெரிந்தாள்.

"அக்கா. உன் சனத்துச் சேதி கொண்டாந்திருக்கேன், மனசக் கெட்டியாக்கிக்க. ஆறு கோடியே அறுபது லட்சம் வருசத்துக்கு முந்தி, மாசம் தெரியல, கெழமை தெரியல. கடலு மெல்லப் பின்வாங்கிக்கிட்டு இருந்துச்சு. மேக்கால பூமி வெடிச்சு நெருப்பு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. அதையெல்லாம் உன் சனம் தாங்குச்சு. எத்தினி தூரம் தாங்குச்சுன்னு படிச்சவங்களுக்கே இன்னும் சண்டை தீரல. அப்புறம் வானத்துலேருந்து ஒரு கல்லு வந்துச்சு. அத யாராலயும் தாங்க முடியல. வெயிலு மறஞ்சுபோச்சு, பச்சையெல்லாம் செத்துப்போச்சு. யாரும் தப்புப் பண்ணி சாகல அக்கா. சோம்பேறியா இருந்து சாகல, புத்தி இல்லாம சாகல. பதினாறு கோடி வருசம் இந்த பூமிய ஆண்டவங்க, நின்ன எடத்துல நின்னு போனாங்க. உங்கள்ல சிறகு மொளச்ச ஒரு வகையறா மட்டும் தப்பிச்சுருச்சு. கொக்கு, காக்கா, எங்க வீட்டுக் கோழி, எல்லாம் ஒங்க வழிதான். அவங்க மிச்சம் இருக்காங்க. நாங்களும் இருக்கோம்."

சொல்லி முடித்து, அவள் நிற்கவில்லை. தார்ச்சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அது அவளைப் பார்த்தது. பிறகு பதினோரு நாளாக மடங்காத முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, கழுத்தை அவள் பக்கத்தில் ரோட்டின்மேல் நீளமாக வைத்து, அழுதது. அந்த அழுகைக்குச் சத்தம் இல்லை. சாலையோர வாய்க்கால் நிரம்பித்தான் அது அழுவது பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்தது. பவுனம்பாள் அதன் கன்னத்தில் கைவைத்து, முதலில் அதற்காக அழுதாள், அப்புறம் மருதமுத்துவுக்காக அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை என்று ராசாங்கம் பிற்பாடு சொன்னான். எங்களில் ஒவ்வொருவரும் அவரவர் சாவை எடுத்து அதில் போட்டோம். புனே அம்மாள் பேராசிரியரின் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினாள். மூன்றாமவர் எந்த ஊர் என்று அப்போதும் சொல்லவில்லை, ஆனால் ஊர்க்காரன் மாதிரி அழுதார்.

அழுது முடித்து அது எழுந்து முன்னால் நடந்தது, ஏரிக்கு. கீழண்டைப் படித்துறையில் அது இறங்கி, தலையை நீருக்குள் ஒரு தடவை முழுக்கியது. அப்புறம் பவுனம்பாள் இறங்கினாள். அப்புறம் நாங்கள் எல்லோரும் இறங்கினோம், அந்தப் படிகள் எங்கள் காலுக்குப் புதுசு, பாசி எங்கே வழுக்கும் என்று தெரியவில்லை, ஊர்த்தெருப் பெண்ணொருத்தி, மூணாம்படி பார்த்து, என்று கைநீட்டினாள். ஊர்த்தெருவில் ஏழெட்டு வீடு இறங்காமல் கரையிலேயே நின்றது. இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். மிச்சப் பேர் இறங்கினார்கள். கலியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். எல்லோரும் முழுகி முடித்த பிறகு அது தண்ணீர் குடித்தது. ஏரியில் ஒரு முழம் இறங்கியது.

மூன்று நாள் இருந்து, கருவேலங்காட்டில் பாதியைத் தின்று, நாலாம் நாள் காலை அது வடமேற்கே நடந்தது. நர்மதைப் பக்கம் இதன் உறவுகள் முட்டையோடு கல்லாகிக் கிடக்கிறார்கள் என்று புனே அம்மாள் சொன்னாள். சேதி கேட்டவர் கேட்காதவருக்குப் போய்ச் சொல்வதுதானே வழக்கம். ஆனால் அதை யாரும் அனுப்பவில்லை, அதுவாகவே போனது, தலையை நிமிர்த்திக்கொண்டு போனது. அன்றைக்குச் சுரங்கத்தில் பத்தரை மணிக்கு வெடி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் தனக்கோட்டி செத்துப்போனாள். காலை ஆறு மணிக்கே எல்லோர் போனிலும் மாலை போட்ட படம் வந்துவிட்டது. ஏழு மணிக்கு, விடாத மழையில், கலியபெருமாள் எங்கள் காலனிக்கு வந்தார். பைக்கில் வரவில்லை, நடந்து வந்தார். செருப்பில்லாத கால் முட்டிவரைக்கும் சேறு. பவுனம்பாளின் வாசலில் நின்று, அவர் அந்த வார்த்தைகளை ஒருநாளும் சொல்லிப் பழகாதவர், தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொன்னார்: என் அம்மா, விடிகாலை நாலரை மணிக்கு, ஒரு மாசமாகவே நெஞ்சில் சளி, கடைசியில் மூச்சுதான் நின்றது, நான் ஒரு பிள்ளைதான் மிச்சம். எதிர்வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். எங்களுக்குத் தெரியும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"மழையில நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க," என்றாள் பவுனம்பாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் உள்ளே போய், தலை முழுக மாற்றுப்புடவை எடுத்தாள்.